மாடித்தோட்டப் பயிற்சி: கிண்டியா, ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கா, பக்கத்துத் தெரு மாடியா?

"அக்கா, மூணு இடத்துல பயிற்சி இருக்கு. எதுக்குப் போகட்டும்?"

ஆனி பிறந்துவிட்டால் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆடிப் பட்டத்துக்கு முன்னால் மாடியில் நாலு பை வைத்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் அப்போதுதான் வரும். இந்த வருடம் கேட்டவர் எதிர்வீட்டு இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண். ஐ.டி. வேலை, நாலு வயதில் ஒரு மகன், மொட்டை மாடியில் பாதி இவர்களுக்கு. கைப்பேசியில் மூன்று அறிவிப்புகளைக் காட்டினார். ஒன்று, கிண்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழக மையம் நடத்தும் ஒருநாள் பயிற்சி. இன்னொன்று, அடையாறு பக்கம் ஒரு தனியார் ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கு. மூன்றாவது, எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடும் கூட்டம்.

மூன்று மாதிரிக்கும் நான் போயிருக்கிறேன், ஒன்பது வருடத்தில் சிலவற்றுக்கு இரண்டு மூன்று தடவை. மாடிப்படியில் நின்றபடி அவருக்குச் சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டணம். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதல் கேள்வி, அங்கே உங்கள் கை மண்ணில் படுமா? எண்பது பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் மேடையில் மண்கலவை கிளறிக் காட்டுவது வேறு. பன்னிரண்டு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு பை நிரப்புவது வேறு. கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. ஒரு தடவை பிழிந்த கைக்கு அது மறக்காது.

இரண்டாவது, எந்த மாதத்தில் நடக்கிறது? அக்னி நட்சத்திரத்தில் தக்காளி நாற்றைக் கையில் கொடுத்து அனுப்பும் பயிற்சியை நான் பார்த்திருக்கிறேன். இரவிலும் வெக்கை தணியாத நாட்களில் தக்காளி பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். சென்னையில் தக்காளிக்கு ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு, பெருமழையில் பையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக் காப்பாற்றினால் மார்கழி, தையில் பறிக்கலாம். ஆடிக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, பந்தல் கொடிகள். முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் கார்த்திகைக் குளிர் வந்த பிறகு. நீங்கள் அடுத்த பதினைந்து நாளில் விதைக்கப் போவதைச் சொல்லித்தரும் பயிற்சிதான் கையில் நிற்கும்.

மூன்றாவது, சொல்லித்தருபவருக்குச் சென்னை மாடி தெரியுமா? எங்கள் பக்கம் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோட்டத்து மண்ணில் மட்டும் விளைவித்தவருக்குச் சொல்ல வராது. மாடி தாங்கும் எடையும் அப்படித்தான். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டுமான விதிகள் எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி ஈரமண் நிரப்பினாலே ஒன்று நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதை மாடியின் நடுவில் வரிசையாக வைக்கக் கூடாது, சுவரும் பீமும் போகும் ஓரமாக வைக்க வேண்டும் என்று முதல் அரைமணி நேரத்திலேயே சொல்பவர் நம்பத்தக்கவர்.

நான்காவது, ஆறாவது வாரம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. விதை போட்ட முதல் மாதம் எல்லாம் பச்சையாக, அழகாக இருக்கும். ஐந்து, ஆறு வாரத்தில்தான் இலைக்கு அடியில் வெள்ளை ஈ வரும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், மிளகாய் இலை சுருளும். அன்றைக்கு நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

அப்புறம்தான் செலவு. அதுவும் கட்டணம் மட்டும் இல்லை. விடுப்பு, போக்குவரத்து, அங்கே ஆசைப்பட்டு வாங்கி வரும் பொருள், ஒரு வருடத்தில் கிழியும் பை, எல்லாம் சேர்த்து.

## கிண்டி: பல்கலைக்கழக மையத்தின் ஒருநாள் பயிற்சி

பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் கிண்டி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையில் இருந்தாலும் அதன் வேர் இந்தப் பக்கம்தான். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்குப் போனது, 1971இல் பல்கலைக்கழகம் ஆனது. பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் கிண்டியில் மாடித்தோட்டம், காளான் வளர்ப்பு என்று தலைப்புக்கு ஒரு நாளாக நடத்துகிறது.

இதன் பலம் காரணம் தெரிந்தவர்கள் பேசுவது. என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் பாகல் பந்தலில் மூன்று வருடமாகப் பழ ஈ. பிஞ்சு ஒரு பக்கம் மஞ்சளாகி வளையும், அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். கடையில் கேட்டு ஒரு பொறி வாங்கித் தொங்கவிட்டேன். பொறியில் ஈ நிறைய விழுந்தது, பாகல் மட்டும் தேறவே இல்லை. கிண்டியில் பாடம் எடுத்த பூச்சியியல் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "பொறிக்குள்ள என்ன மருந்து வச்சிருக்கீங்க?" மெத்தில் யூஜினால் என்றேன். அது மாவுக்கும் கொய்யாவுக்கும் வரும் ஈயை இழுப்பது என்றார். பாகல், புடலை, பீர்க்கில் முட்டையிடுவது வேறொரு ஈ, அதற்கு கியூலூர் வைக்க வேண்டும். மூன்று வருட நஷ்டத்துக்கு அரை நிமிடத்தில் விடை. இந்த மாதிரி பதில் பக்கத்து மாடியில் கிடைப்பது கஷ்டம்.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் வேலை நாளில் நடக்கும், ஒரு நாள் விடுப்பு போகும். கூட்டம் அதிகமாக இருந்தால் செய்முறை என்பது எட்டி நின்று பார்ப்பதாகக் குறைந்துவிடும். அளவுகள் சில சமயம் ஏக்கர் கணக்கில் வரும்; பஞ்சகவ்யம் மூன்று சதவீதம் என்றால் நம் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். மாலையில் சான்றிதழோடு வெளியே வந்த பிறகு நீங்கள் உண்டு, உங்கள் செடி உண்டு. திரும்பிப் போய்க் கேட்கலாம், நன்றாகவே பேசுவார்கள். ஆனால் யாரும் உங்கள் மாடிக்கு வந்து இலையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று, தோட்டக்கலைத் துறையின் மானியத் தொகுப்பு. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் "நீங்களே செய்து பாருங்கள்" என்று தொடங்கிய திட்டத்தின் வழி வந்தது அது. பை, கோகோபீட், விதை, உயிர் உரம் குறைந்த விலையில் கிடைக்கும். நல்ல விஷயம், வாங்கலாம். ஆனால் அது பொருள். பயிற்சியின் இடத்தில் அதை வைக்க முடியாது. பொட்டலம் பிரிக்காமலே பரணில் கிடக்கும் தொகுப்புகளை எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்தேன்.

## தனியார் ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கு

முதன்முதலில் நான் போனது இப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான். கட்டணம் 1,500 ரூபாய். பதினைந்து பேர், மர நிழல், மோர், சுண்டல். ஒவ்வொருவரும் ஒரு பை நிரப்பி, கீரை விதை தூவி, மிளகாய் நாற்று ஒன்று நட்டு எடுத்துக்கொண்டு வந்தோம். குழந்தைகளும் கூடவே குழைத்தார்கள். தோட்டம் என்றால் பயமாக இருந்த எனக்கு அந்தப் பயம் அன்றைக்குத்தான் போனது, அதற்காக இன்றும் நன்றி உண்டு.

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகு. அங்கே கலந்த கோகோபீட் முன்னமே ஊறவைத்து அலசியது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் ஐந்து கிலோ கட்டியை வாங்கி ஊறவைத்து, தேநீர் நிறத்தில் வந்த தண்ணீரோடு அப்படியே மண்ணில் கலந்துவிட்டேன். பத்து நாளில் மிளகாய் நாற்றின் இலை விளிம்பெல்லாம் பொசுங்கினாற்போல் ஆனது. நாரிலுள்ள உப்பு. இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசியிருந்தால் வந்திருக்காது. ஆறாவது வாரம் வெள்ளை ஈ வந்தபோது பயிலரங்கில் கொடுத்த எண்ணுக்கு நாலு நாள் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். முடிந்ததும் பக்கத்திலேயே ஒரு மேசையில் பை, உரம், தெளிப்பான், அலங்காரத் தொட்டி வரிசையாக இருக்கும். மனம் நிறைந்திருக்கும் நேரம், கை தானாகப் பணத்தை எடுக்கும். நான் அன்று வாங்கியது கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. அதில் பாதிப் பைகள் அடுத்த கோடை வெயிலில் அப்பளமாக நொறுங்கின. வெயில் தாங்கும் தடித்த பையா என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இன்னொன்று மொழி. சில இடங்களில் முழுக்க ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவது மாமியாரோ அம்மாவோ என்றால் அவர்களையும் கூட்டிப் போக முடியுமா என்று பாருங்கள்.

பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? என் கையால் என்னென்ன செய்வேன்? கொடுக்கும் விதையிலிருந்து நான் விதை எடுத்து மறுபடி விதைக்கலாமா? ஒரு மாதம் கழித்து இன்னொரு சந்திப்பு உண்டா? கடைசிக் கேள்விக்கு "உண்டு" என்று தேதியோடு சொல்பவரிடம் கூடுதல் கட்டணம் கொடுத்தாலும் தகும்.

## பக்கத்துத் தெரு மாடிக் கூட்டம்

கட்டணம் இல்லை. எங்கள் வட்டாரத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு, சுழற்சி முறையில் ஒவ்வொருவர் மாடியில். விதை கொண்டு போவோம், வாங்கி வருவோம். இயற்கை வேளாண்மைக்காகப் பேசிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் மறைந்த பிறகு அவர் பேச்சால் உந்தப்பட்டவர்கள் ஊர் ஊராக விதையைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கூட்டமும் அப்படி முளைத்ததுதான்.

இங்கே எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தக்காளிச் செடி, இடுப்பு உயரம், தினமும் தண்ணீர் ஊற்றியும் மத்தியானம் துவண்டு விழுகிறது, ராத்திரியில் நிமிர்கிறது. வேப்பெண்ணெய் தெளித்தேன், உரம் வைத்தேன், நிழல்வலை கட்டினேன். கூட்டம் எங்கள் வீட்டில் நடந்த அன்று பல்லாவரத்திலிருந்து வரும் ஒரு பெரியம்மா அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. செடியின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு. எனக்கு நெஞ்சே பதறியது. மண்ணை உதறி வேரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வேர் முழுக்கச் சிறு சிறு முடிச்சு, மணி கோத்த மாதிரி. "நூற்புழும்மா. நீ மேல எவ்வளவு தெளிச்சாலும் அதுக்குத் தெரியாது."

மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு அது. அந்தப் பை மண்ணை சித்திரை வெயிலில் தார்ப்பாயில் பரப்பி, ஈரப்படுத்தி, மேலே கண்ணாடித்தாள் மூடி நாலு வாரம் காயவைக்கச் சொன்னார். மறுபடி நிரப்பும்போது ஒரு பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, அடுத்த பயிராகச் செண்டுமல்லி. அதற்கப்புறம் துவண்ட செடி எதைப் பார்த்தாலும் முதலில் வேரைத் தோண்டிப் பார்க்கிறேன்.

இன்னொன்று, நேரம். பாகலும் பூசணியும் காலையில் பூ விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும். பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியும் எந்த வகுப்பிலும் சுரைப் பூவுக்கு மகரந்தம் தொட்டு வைப்பதைக் காட்டவே முடியாது. மாடிக் கூட்டத்தில் ஆறு மணி வாக்கில் ஆண் பூவைக் கிள்ளி, இதழை ஒதுக்கி, அடியில் குட்டிச் சுரையோடு நிற்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுக் காட்டினார்கள். மூன்றாம் மாடிக்குத் தேனீயும் அந்துப்பூச்சியும் அதிகம் வராது, நம் விரல்தான் வர வேண்டும்.

இதிலும் இடறும் இடங்கள் இருக்கின்றன. எல்லோரும் பாசமாகச் சொல்வார்கள், தப்பாகவும் சொல்வார்கள். இலை மஞ்சளானால் எப்சம் உப்பு என்று பத்து பேர் சொல்வார்கள். அடி இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சளித்தால் மெக்னீசியம் குறை, அப்போது சரி. எங்கள் போர் தண்ணீரில் அதிகம் வருவது நுனி இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது. அது இரும்புச்சத்துக் குறை, எப்சம் உப்பை எவ்வளவு போட்டாலும் மாறாது. வரிசையாகப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. ஒன்றுமே தெரியாமல் போனால் முதல் இரண்டு கூட்டம் புரியாது. வாட்ஸ்அப் குழுவில் காலையில் இருநூறு செய்தி நிற்கும். உங்கள் முறை வரும்போது இருபது பேருக்குத் தேநீர் போட வேண்டும், மாடியைக் கூட்ட வேண்டும். இதைச் சுமையாக நினைப்பவருக்கு இது சரிப்படாது.

## பழம் வேண்டுமென்றால் கணக்கு வேறு

காய்கறியில் தப்பு செய்தால் மூன்று மாதம் போகும். பழத்தில் தப்பு செய்தால் மூன்று வருடம். கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சப்போட்டா எல்லாம் டிரம்மில் நன்றாகவே காய்க்கும், ஆனால் விதையிலிருந்து வளர்த்தால் காத்திருந்தே சலித்துப் போவோம். பதியனோ (கிளையிலேயே வேர் விடவைத்து வெட்டி எடுத்த கன்று) ஒட்டோ (வேறொரு கன்றின் மேல் கிளையை இணைத்தது) வேண்டும். இதற்கென்று தனியாக நடக்கும் செய்முறைப் பயிற்சி எங்கே கிடைத்தாலும், கட்டணம் சற்று அதிகமானாலும் போகலாம்.

விண்பதியன் போடுவது பார்க்க எளிது. பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரக் கோகோபீட்டைப் பொத்தி, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். ஆனால் பட்டையை உரித்த பிறகு உள்ளே வழவழவென்று இருக்கும் அந்தப் பச்சைப் படலத்தைக் கத்தி முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டால் பட்டை திரும்பக் கூடிவிடும், வேர் வராது. நான் காணொளி பார்த்து ஐந்து கிளையில் செய்தேன், ஐந்தும் கூடிக்கொண்டது. என் விரலைப் பிடித்து, "இன்னும் வழுக்குது பார், சுரண்டு" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் வந்தது.

## ஒரே பார்வையில்

| | கிண்டி ஒருநாள் பயிற்சி | ஞாயிறு பயிலரங்கு | மாடிக் கூட்டம் |
|---|---|---|---|
| கை மண்ணில் படுவது | கூட்டத்தைப் பொறுத்து, பெரும்பாலும் குறைவு | நன்றாக உண்டு, ஒரே ஒரு தடவை | மாதாமாதம் |
| காரணம் தெரிந்த பதில் | மிக நன்று | நடத்துபவரைப் பொறுத்தது | அனுபவம் உண்டு, தப்பும் கலந்திருக்கும் |
| பட்டத்துக்கு ஏற்ற பாடம் | பொதுவான பாடம் | கேட்டுப் பார்த்துப் போகவும் | அந்த மாதச் செடியே பாடம் |
| ஆறாவது வாரத்தில் துணை | நாமே தேடிப் போக வேண்டும் | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| வெளியே தெரியாத செலவு | ஒரு நாள் விடுப்பு | அங்கே வாங்கும் பொருள் | நேரம், உங்கள் முறை உபசரிப்பு |

## யார் எங்கே போகலாம்

செடியைத் தொட்டதே இல்லை, சின்னக் குழந்தை இருக்கிறது, வார நாளில் நகர முடியாது என்றால் ஞாயிறு பயிலரங்கு. பணப்பையில் கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு போங்கள். பொருள் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நாற்றும் பழைய டிரம்மும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலேயே கிடைக்கும்.

ஒரு வருடமாவது வளர்த்துப் பார்த்து, ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கிண்டி. பாதித்த இலை, காய், முடிந்தால் பூச்சி இருக்கும் பொறியின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேள்வி இல்லாமல் போனால் அந்த நாள் ஒரு சொற்பொழிவாக முடிந்துவிடும்.

இனி தொடர்ந்து செய்யப் போகிறோம் என்று மனதில் பட்டுவிட்டால், வேறு எங்கே போனாலும் போகாவிட்டாலும், ஒரு மாடிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். உங்கள் பகுதியில் இல்லையென்றால் தோட்டம் தெரியும் மொட்டை மாடி எதையாவது பார்த்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். செடி வளர்ப்பவர்கள் யாரும் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுப் பெண் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிறு பயிலரங்குக்குப் போய்வந்தார். ஒரு பை கீரை, ஒரு பை வெண்டை. ஆடி கடைசியில் வெண்டை முழங்கால் உயரம் வந்ததும் இலைக்கு அடியில் கறுப்பாக அசுவினி மொய்த்துவிட்டது. இரண்டாவது ஞாயிறு நாலரை மணிக்கு அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார், பின்னால் அந்தச் சிறுவன் ஒரு சின்னத் தெளிப்பானோடு. பல்லாவரத்துப் பெரியம்மா பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஓர் இலையைத் திருப்பினார். "வாடா இங்க," என்றார் அவனிடம், "முதல்ல வெறும் தண்ணிய வேகமா அடி, பாப்போம்."